நீல இன்ஹேலரின் பொய் நிம்மதி

இரவு 11 மணிக்கு மேல் எந்த அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குள் நுழைந்தாலும் ஒரு நெபுலைசர் ஓடும் சத்தம் கேட்கும். வீசிங் என்று வந்தவருக்கு மாஸ்க்கைப் பொருத்தி சால்பியூட்டமால் கரைசலை ஊற்றிவிட்டால், இருபது நிமிடத்துக்குள் கழுத்து நரம்பு புடைக்க மூச்சிழுத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து உட்காருகிறார். சேர்ந்தாற்போல் நான்கு வார்த்தை பேசுகிறார். வீட்டுக்குப் போகும்போது கையில் ஒரு சீட்டு. ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக், ஓர் இருமல் சிரப், மூச்சு விரிய ஒரு மாத்திரை, அதிர்ஷ்டமிருந்தால் அதே சால்பியூட்டமால் உள்ள ஒரு நீல நிற இன்ஹேலர். நோயாளிக்குத் திருப்தி, பணியிலிருக்கும் மருத்துவருக்கும் திருப்தி. ஆஸ்துமா சிகிச்சையைக் கெடுத்து வைத்திருப்பதில் இந்தத் திருப்திக்குத்தான் பெரிய பங்கு என்று சொன்னால் கொஞ்சம் கடுமையாகத் தோன்றும். ஆனால் கடந்த அறுபது ஆண்டுகளின் ஆய்வுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறு முடிவுக்கு வர முடியவில்லை. அந்த இருபது நிமிடத்தில் இளகியது மூச்சுக்குழாயைச் சுற்றியிருக்கும் தசை. நோய் இருப்பது குழாயின் சுவருக்குள், அழற்சியாக. அதன்மேல் அந்த இரவில் எந்த மருந்தும் படவில்லை. அடுத்த சளி, அடுத்த பனிக்காலம், அடுத்த ஒட்டடை அடிப்பு என்று ஏதோ ஒரு சாக்கில் அவர் மறுபடியும் வருவார்.

அழற்சி என்றால் இங்கே என்ன நடக்கிறது? மூச்சுக்குழாயின் உள்பக்கம் நுண்மயிர்கள் கொண்ட செல்களால் ஆன மெல்லிய விரிப்பு. வீட்டுத் தூசியில் வாழும் நுண்பூச்சியின் கழிவோ, சளிக்காய்ச்சல் வைரஸோ, புகையோ பட்டதும் இந்த விரிப்பே டி.எஸ்.எல்.பி., ஐ.எல்-33 போன்ற அபாய அறிவிப்பு வேதிப்பொருள்களைச் சுரக்கிறது. அவற்றைக் கேட்டு வரும் நோயெதிர்ப்புச் செல்கள் இன்னும் மூன்றை உண்டாக்குகின்றன. ஐ.எல்-5, எலும்பு மஜ்ஜையிலிருந்து ஈசினோஃபில் என்ற வெள்ளை அணுக்களை வரவழைக்கிறது. ஐ.எல்-13, சளி சுரக்கும் செல்களைப் பெருக்குகிறது. ஐ.எல்-4, ஒவ்வாமைக்கான ஐ.ஜி.இ. உருவாக உதவுகிறது. வந்து சேர்ந்த ஈசினோஃபில்கள் தங்களுக்குள் இருக்கும் நச்சுப் புரதங்களைக் கொட்டும்போது உள்விரிப்பு உரிந்து, அடியிலுள்ள நரம்பு முனைகள் வெளியே தெரிகின்றன. அதன் பிறகு குளிர்ந்த காற்று பட்டாலே தசை இறுகுகிறது. ஆஸ்துமா தாக்கி இறந்தவர்களின் நுரையீரல்களை ஆராய்ந்து 1960ல் பிரிட்டிஷ் நோயியலாளர் டன்னில் எழுதிய கட்டுரை இதன் கடைசிக் கட்டத்தைக் காட்டுகிறது. நெஞ்சைத் திறந்த பிறகும் சுருங்காமல் உப்பியபடியே நிற்கும் நுரையீரல். சிறிய, நடுத்தரக் குழாய்கள் முழுக்கக் கெட்டியாக அடைத்துக்கொண்டிருக்கும் சளிக் கட்டி. தடித்துப்போன சுவரெங்கும் ஈசினோஃபில்கள். இந்தச் சளிக்குள் ஊசி முனைகொண்ட படிகங்கள் இருப்பது 19ஆம் நூற்றாண்டிலேயே தெரியும். ஷார்கோ, லைடன் என்ற இருவரின் பெயரால் அழைக்கப்படுகின்றன. அவை ஈசினோஃபிலில் இருந்து வெளியேறும் புரதம் உறைந்து உண்டாவன என்பதும், சும்மா கிடக்காமல் அழற்சியைத் தாமே கிளறிவிடுகின்றன என்பதும் 2019ல் பெல்ஜியத்தின் கென்ட் நகர ஆய்வாளர்கள் காட்டியவை. இப்படி அடைபட்ட குழாயில் தசையை மட்டும் தளர்த்தி எவ்வளவு தூரம் போக முடியும்?

இந்தப் புரிதல் புதிதல்ல என்பதுதான் உறுத்துகிறது. 1950களின் தொடக்கத்தில் ஸ்டீராய்டு மருந்துகள் வந்தபோது ஆஸ்துமாவுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் முறையான சோதனை நடத்தி, நாள்பட்ட ஆஸ்துமாவில் கார்ட்டிசோனால் நிலைத்த பலன் பெரிதாக இல்லை என்று 1956ல் அறிவித்தது. டெர்பி நகரில் நெஞ்சு நோய் மருத்துவராக இருந்த ஹாரி மோரோ பிரவுன் அந்த முடிவை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. நோயாளிகள் துப்பிய சளியைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, தன்னுடைய நுண்ணோக்கியிலேயே பார்த்தார். சளியில் ஈசினோஃபில் நிறைய இருந்தவர்களுக்குப் பிரட்னிசோலோன் கொடுத்தபோது பலன் கண்கூடாகத் தெரிந்தது. இல்லாதவர்களுக்கு மருந்து எடுபடவில்லை. 1958ல் ‘லான்செட்’ இதழில் இதை வெளியிட்டார். கவுன்சிலின் சோதனையில் இரு வகையினரையும் ஒரே கூடையில் போட்டதால் ஒருவருடைய பலன் மற்றவருடைய பலனின்மையில் கரைந்துபோயிருந்தது. மருத்துவ வரலாற்றில் அதிகம் பேசப்படாத கட்டுரை அது. என்னைக் கேட்டால் ஆஸ்துமா ஆராய்ச்சியில் அந்த நூற்றாண்டின் மிக முக்கியமான கட்டுரை அதுதான். பின்னாளில் உறிஞ்சும் ஸ்டீராய்டான பெக்லோமெத்தசோன் 1972ல் அறிமுகமானபோது அதன் முதல் சோதனை முடிவுகளை வெளியிட்டவர்களிலும் அவர் இருந்தார்.

ஆனால் சந்தையைப் பிடித்தது தசையைத் தளர்த்தும் ஸ்பிரே. 1956ல் அமெரிக்காவின் ரைக்கர் நிறுவனம் அளவிட்டுத் தெளிக்கும் கையடக்க இன்ஹேலரைக் கொண்டுவந்தது. அழுத்தினால் நிமிடங்களில் மூச்சு வரும் பொருளுக்கு விளம்பரம் தேவைப்படவில்லை. 1960களில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆஸ்துமா மரணங்கள் விநோதமாக உயரத் தொடங்கின. ஸ்பைசர், ரிச்சர்ட் டால், ஹீஃப் ஆகியோர் 1968ல் கணக்கெடுத்துப் பார்த்தபோது, 1959க்கும் 1966க்கும் இடையில் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடையே ஆஸ்துமா இறப்பு விகிதம் ஏறக்குறைய எட்டு மடங்காகியிருந்தது. புகைபிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவிய அதே டால்தான் இவர். சந்தேகம் ஐசோபிரினலின் ஸ்பிரேமேல் விழுந்தது. பல மடங்கு செறிவூட்டிய ‘ஃபோர்ட்’ வடிவம் விற்ற நாடுகளில்தான் மரணங்கள் ஏறின என்று அமெரிக்க ஆய்வாளர் பால் ஸ்டாலி 1972ல் காட்டினார். அடுத்த முறை இதே கதை நியூசிலாந்தில். 1976ல் ஃபெனொட்டெரால் அங்கே வந்தது. இளவயதினரின் ஆஸ்துமா மரணங்கள் அதே ஆண்டுகளில் எகிறின. வெலிங்டன் ஆய்வாளர்கள் கிரேன், பியர்ஸ், பீஸ்லி முதலியோர் 1989ல் அதை அம்பலப்படுத்தியபோது கடும் எதிர்ப்பைச் சந்தித்தார்கள். அரசு மருந்துக்குக் கட்டுப்பாடு விதித்ததும் மரணங்கள் சட்டென்று பாதியளவுக்கு இறங்கின. மருந்தைத் தேவைப்படும்போது மட்டும் எடுத்தவர்களைவிட நாள்தோறும் தவறாமல் எடுத்தவர்களில் பெரும்பாலோருக்கு நோய் மோசமானது என்பதை 1990ல் அதே நாட்டின் சியர்ஸ் குழுவும் சோதனையில் கண்டது.

இதற்கு இரண்டு வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது, ஐசோபிரினலினும் ஃபெனொட்டெராலும் இதயத்தையும் பாதித்த முரட்டு மருந்துகள். 1969ல் வந்த சால்பியூட்டமால் மூச்சுக்குழாயைக் குறிவைப்பது. முன்னவற்றின் பழியை இதன் தலையில் கட்டுவது முறையா? இரண்டாவது இன்னும் கூர்மையானது. நோய் முற்றியவர்கள்தான் அதிகமாக ஸ்பிரே அடிப்பார்கள், அவர்கள்தான் அதிகமாக இறப்பார்கள். எனவே ஸ்பிரேயும் மரணமும் சேர்ந்து காணப்படுவது மருந்தின் குற்றமாக ஆகாது. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. சால்பியூட்டமால் விஷமல்ல. தாக்குதலின் நடுவே அதுதான் உயிரைப் பிடித்து வைக்கும் மருந்து. இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் அதைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. என் வாதம் அதன் நச்சுத்தன்மையைப் பற்றியதே அல்ல. அது அறிகுறியை மறைத்துவிடுவதால் அழற்சி கேட்பாரற்று வளர்கிறது என்பதுதான். ஒழுகும் கூரைக்கு அடியில் வைத்த வாளி தரையை நனையாமல் காக்கும், கூரையை அடைக்காது. அப்படியானால் அழற்சியைக் குறைத்தால் மரணம் குறைகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். கனடாவின் சஸ்காட்செவான் மாகாண மருந்துப் பதிவுகளை வைத்து சமி சுவிசா குழு 2000ல் வெளியிட்ட ஆய்வு அதைத்தான் பார்த்தது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள்; அவர்களில் ஆஸ்துமாவால் இறந்து, ஆய்வுக்கு முழு விவரம் கிடைத்தவர்கள் 66 பேர். முந்தைய ஓராண்டில் குறைந்த அளவு உறிஞ்சும் ஸ்டீராய்டை ஒரு குப்பி கூடுதலாகப் பயன்படுத்திய ஒவ்வொரு படிக்கும் இறப்பு விகிதம் 21 சதவீதம் இறங்கியது. நோய் முற்றியவர்களுக்குத்தான் இந்த மருந்தும் அதிகமாகத் தரப்படும் என்பதை நினைவில் வைத்தால் இரண்டாவது மறுப்பின்படி இங்கே மரணம் கூடியிருக்க வேண்டும். குறைந்திருக்கிறது.

பிரிட்டன் 2014ல் வெளியிட்ட தேசிய ஆஸ்துமா மரண மீளாய்வு இன்னொரு கோணத்தைத் திறந்தது. 195 மரணங்களை ஒவ்வொன்றாகக் கோப்பெடுத்துப் படித்தார்கள். தசையைத் தளர்த்தும் நிவாரணி இன்ஹேலரின் எண்ணிக்கை தெரிந்த 165 பேரில் 65 பேருக்கு ஓராண்டில் 12க்கு மேல் எழுதித் தரப்பட்டிருந்தது. சிலருக்கு 50க்கும் மேல். ஸ்டீராய்டு உள்ள தடுப்பு இன்ஹேலரின் கணக்கு தெரிந்த 128 பேரில் 103 பேர் ஆண்டுக்கு 12க்கும் குறைவாகவே பெற்றிருந்தார்கள். இதைவிடத் திடுக்கிட வைக்கும் விவரம், தீவிரத்தை மதிப்பிட முடிந்தவர்களில் பாதிக்கும் மேலானோர் லேசான அல்லது நடுத்தர ஆஸ்துமா உள்ளவர்களாகக் கருதி மருத்துவம் பார்க்கப்பட்டிருந்தார்கள் என்பது. ‘எனக்கு லேசாகத்தான் வீசிங்’ என்ற நினைப்பு ஆபத்தானது. அழற்சியின் அளவும் மூச்சுத் திணறலின் அளவும் ஒன்றுபோலவே ஏறி இறங்குவதில்லை.

நோயாளியின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. தடுப்பு இன்ஹேலரை அடித்தால் உடனே எதுவும் தெரியாது. நன்றாக இருக்கும் நாளில் ஒரு மருந்தை எடுப்பது எந்த நாட்டுக்காரருக்கும் வராத பழக்கம். அறிவுரையால் மாற்றிவிடலாம் என்று மருத்துவ உலகம் நாற்பது ஆண்டு முயன்று தோற்றது. பிறகுதான் யோசனை திரும்பியது. மூச்சு முட்டும்போது மக்கள் எந்த மருந்தைத் தேடி எடுக்கிறார்களோ அதற்குள்ளேயே ஸ்டீராய்டையும் வைத்துவிட்டால் என்ன? பெக்லோமெத்தசோனையும் சால்பியூட்டமாலையும் ஒரே இன்ஹேலரில் சேர்த்து, தேவைப்படும்போது மட்டும் எடுக்கச் சொன்ன இத்தாலியர் பாப்பியின் குழு 2007லேயே நல்ல பலன் கண்டது. உலகம் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. 2018ல் வந்த சிக்மா ஆய்வுகள்தான் கதவைத் திறந்தன. விரைந்து செயல்படும் ஃபார்மொட்டெராலுடன் புடசோனைடு சேர்ந்த இன்ஹேலரைத் தேவைக்கு மட்டும் எடுத்தவர்களுக்கு, வெறும் நிவாரணியை எடுத்தவர்களைவிடக் கடுமையான தாக்குதல்கள் 64 சதவீதம் குறைந்தன. தினமும் ஸ்டீராய்டு எடுத்தவர்களின் மருந்தளவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே அவர்களுக்குத் தேவைப்பட்டது. 2019ல் பீஸ்லி குழு அன்றாட மருத்துவச் சூழலுக்கு நெருக்கமாக, 668 பேரிடம் நடத்திய ஆய்விலும் தாக்குதல்கள் ஏறத்தாழ பாதியாயின. ஃபெனொட்டெராலை அம்பலப்படுத்திய அதே பீஸ்லி. முப்பதாண்டு கழித்து மாற்று வழியையும் அவரே காட்ட நேர்ந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில், உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டுதல் அமைப்பான ‘ஜினா’, வயதுவந்தோருக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் வெறும் நிவாரணி இன்ஹேலரை மட்டும் வைத்து ஆஸ்துமாவுக்கு மருத்துவம் பார்க்க வேண்டாம் என்று எழுதியது. அரை நூற்றாண்டுப் பழக்கத்தை ஒரு வரியில் கைவிட்ட அறிவிப்பு அது.

அழற்சி வாதத்துக்கு எதிரான உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அதே 2019ல் அமெரிக்காவில் நடந்த ‘சியன்னா’ ஆய்வில் லேசான தொடர் ஆஸ்துமா உள்ளவர்களின் சளியைப் பரிசோதித்தபோது 73 சதவீதம் பேருக்கு ஈசினோஃபில் குறைவாகவே இருந்தது. அவர்களுக்கு உறிஞ்சும் ஸ்டீராய்டு, போலி மருந்தைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் மேலாக அமையவில்லை. 2011ல் பிரிட்டனின் கிரெயிஞ்ச் குழு, அழற்சியைத் தூண்டாமல் வெறும் தசைச் சுருக்கத்தை மட்டும் திரும்பத் திரும்ப உண்டாக்கினாலே மூச்சுக்குழாய்ச் சுவர் மாறத் தொடங்குகிறது என்றும் காட்டியிருந்தது. ஆகவே தசை வெறும் வேடிக்கை பார்ப்பதில்லை. ஈசினோஃபில் எல்லோருடைய கதையுமில்லை. இதை ஒப்புக்கொள்ள எனக்குத் தயக்கமில்லை, ஏனென்றால் இது மோரோ பிரவுன் சொன்னதற்கே திரும்பக் கொண்டுபோகிறது: எந்த அழற்சி என்று பார்த்துவிட்டுக் கொடு. பார்க்காமல் கொடுத்தால் என்னவாகும் என்பதற்கு மெப்போலிசுமாப் நல்ல சாட்சி. ஐ.எல்-5ஐ முடக்கும் இந்த எதிரணு மருந்தை 2007ல் 362 ஆஸ்துமா நோயாளிகளுக்குப் பொதுவாகக் கொடுத்துப் பார்த்தபோது பலனில்லை; மருந்து செத்தது என்றே பலர் எழுதிவிட்டார்கள். 2009ல் லெஸ்டரில் பிரணாப் ஹால்தார், இயன் பாவர்ட் குழுவும், கனடாவின் ஹாமில்டனில் பரமேஸ்வரன் நாயர் குழுவும் ஈசினோஃபில் அழற்சி உறுதியானவர்களை மட்டும் தேர்ந்து கொடுத்தார்கள். தாக்குதல்கள் குறைந்தன. 2015ல் மருந்து அங்கீகாரம் பெற்றது. லெஸ்டரில் 2002லேயே 74 பேரை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு வழக்கமான அறிகுறிகளைப் பார்த்தும் மற்றொன்றுக்குச் சளியிலுள்ள ஈசினோஃபிலைப் பார்த்தும் மருந்தைக் கூட்டிக் குறைத்தார்கள். ஓராண்டில் முதல் குழுவுக்குக் கடும் தாக்குதல் 109. இரண்டாவது குழுவுக்கு 35. மருந்தின் மொத்த அளவில் பெரிய வித்தியாசமில்லை. அதை யாருக்குக் கூட்டுவது, யாருக்குக் குறைப்பது என்பதில்தான் வித்தியாசம். சியன்னா முடிவை வைத்துக்கொண்டு ‘அப்படியானால் லேசான ஆஸ்துமாவுக்கு நீல இன்ஹேலரே போதும்’ என்பவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்லலாம். தாக்குதலையும் மரணத்தையும் வைத்து அளந்த ஆய்வுகளில் அது போதவில்லை.

இந்தியாவுக்கு வந்தால் கணக்கு கனக்கிறது. உலக நோய்ச்சுமை ஆய்வின் 2019ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இங்கே 3.4 கோடிப் பேருக்கு ஆஸ்துமா. உலக நோயாளிகளில் சுமார் 13 சதவீதம். ஆனால் உலக ஆஸ்துமா மரணங்களில் 40 சதவீதத்துக்கும் மேல் நம்முடையவை. இறப்புச் சான்றிதழில் காரணம் எழுதும் நம் லட்சணத்தை அறிந்தவர்கள் இந்த மதிப்பீட்டைச் சந்தேகிக்கலாம். புகையால் வரும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயும் இதில் கலந்திருக்கக்கூடும். பாதியைத் தள்ளுபடி செய்தாலும் விகிதம் கோணலாகத்தான் இருக்கிறது. உலக ஆஸ்துமா வலைப்பின்னலின் இந்திய ஆய்வு, ஒன்பது மையங்களில் பிள்ளைகளையும் பெற்றோரையும் விசாரித்து, காரணத்தைக் கையில் எடுத்துக் கொடுத்தது. வீசிங் உள்ளவர்களில் ஐந்தில் நால்வருக்கு மேல் ஆஸ்துமா என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆஸ்துமா என்று சொல்லப்பட்டவர்களிலும் தினமும் உறிஞ்சும் ஸ்டீராய்டு எடுத்தவர்கள் 10 சதவீதத்துக்கும் குறைவு. மீதிப் பேர் எதை வைத்துக் காலம் தள்ளுகிறார்கள் என்பது எல்லா மருந்துக்கடைகளிலும் தெரியும்: தியோஃபிலின் மாத்திரை, சால்பியூட்டமால் சிரப், மாண்டிலூக்காஸ்டுடன் லெவோசெட்ரிசின். மாண்டிலூக்காஸ்ட் உறிஞ்சும் ஸ்டீராய்டைவிட வலு குறைந்தது. மனநிலைப் பாதிப்பு குறித்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டகம் 2020ல் அதன் உறையில் கறுப்புக் கட்டமிட்ட எச்சரிக்கை போடச் சொன்னது. நம்மூரில் எந்த இருமலுக்கும் முதலில் வருவது அதுதான்.

இன்ஹேலர் என்றதும் வீட்டில் எழும் பேச்சு நமக்குத் தெரியும். பழகிவிட்டால் விட முடியாது, கடைசிக் கட்டத்துக்குத்தான் அது, பெண் பிள்ளை, வெளியே தெரிந்தால் நாளைக்குச் சம்பந்தம் பேசுவது எப்படி, ஸ்டீராய்டாமே. இவற்றில் ஸ்டீராய்டு பயத்துக்கு மட்டும் விரிவான பதில் தேவை. மற்றவை பயமே தவிர வாதமல்ல. தினம் 200 மைக்ரோகிராம் புடசோனைடை ஓராண்டு முழுக்க எடுத்தால் மொத்தம் 73 மில்லிகிராம். ஒரு தாக்குதலுக்கு 40 மில்லிகிராம் பிரட்னிசோலோனை ஐந்து நாள் விழுங்கினால் 200 மில்லிகிராம். இரண்டின் வீரியமும் ஒன்றல்ல, மில்லிகிராமுக்கு மில்லிகிராம் ஒப்பிட முடியாது. ஆனாலும் இன்ஹேலரில் இருந்து ரத்தத்துக்குப் போவது ஒரு பகுதிதான், மாத்திரை உடல் முழுக்கப் பரவுகிறது. வாழ்நாளில் விழுங்கிய ஸ்டீராய்டு மொத்தம் அரை கிராமைத் தாண்டினாலே எலும்புத் தேய்வு, சர்க்கரை, கண்புரை போன்றவற்றின் வாய்ப்பு கூடத் தொடங்குவதாக பிரிட்டிஷ் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்த 2018ஆம் ஆண்டுக் கட்டுரை சொல்கிறது. இன்ஹேலருக்குப் பயந்து ஆண்டுக்கு இரண்டு முறை அவசரப் பிரிவுக்குப் போகிறவர் அந்த எல்லையை இரண்டு ஆண்டில் கடந்துவிடுவார். பக்கவிளைவே இல்லை என்று சொன்னால் அது பொய். வாயில் வெள்ளைப் பூஞ்சை படரலாம், குரல் கம்மலாம். அடித்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்பினால் பெரும்பாலும் தவிர்க்கலாம். பிள்ளைகளின் வளர்த்தி பற்றிய கவலைக்கும் ஆதாரம் உண்டு. அமெரிக்காவில் குழந்தைப் பருவத்தில் சில ஆண்டுகள் புடசோனைடு எடுத்தவர்கள் பெரியவர்களானபோது சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குட்டையாக இருந்தார்கள் என்று 2012ல் கண்டறிந்தார்கள். அரை அங்குலத்துக்கும் குறைவு. மூச்சு முட்டிப் பள்ளிக்கு மட்டம்போட்டு, இரவில் தூங்காமல் வளரும் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய இழப்புகள் உண்டு என்பது என் கணிப்பு. ஆனால் அந்த முடிவைப் பெற்றோரிடம் கணக்கைச் சொல்லி, அவர்களோடு சேர்ந்து எடுக்க வேண்டும். மருந்துச் சீட்டில் கிறுக்கிக் கொடுத்துவிட்டு நகரும் பழக்கம்தான் பயத்தை வளர்த்திருக்கிறது.

செலவைப் பற்றிய ஆட்சேபம் கொஞ்சம் பலவீனமானது. புடசோனைடு, ஃபார்மொட்டெரால் கலவைக்கு மாதம் சில நூறு ரூபாய். உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இந்தியாவின் பட்டியலிலும் அது இருக்கிறது. லெவோசால்பியூட்டமாலும் பெக்லோமெத்தசோனும் சேர்ந்த இன்ஹேலர் நம் கடைகளில் பல காலமாகக் கிடைக்கிறது. எந்தக் கலவையும் சரி என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது: சால்மெட்டெரால் மெதுவாக வேலை செய்வதால் அது கலந்த இன்ஹேலர் தாக்குதலின்போது உதவாது. தமிழ்நாட்டில் 2021ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோனது. மாதந்தோறும் தவறாமல் எடுத்தால்தான் பலன் என்ற விஷயத்தில் ஆஸ்துமா அவற்றின் உடன்பிறப்பு. அந்தத் திட்டத்தின் மருந்துப் பையில் ஓர் இன்ஹேலருக்கும் அதில் பொருத்தும் ஸ்பேசருக்கும் இடம் ஒதுக்குவது பணத்தைவிட மனம் சம்பந்தப்பட்டது.

இருமலைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் வாதம் அளவு மீறிவிடும். எட்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலை நாள்பட்ட இருமல் என்கிறார்கள். நம் நாட்டில் அதற்கு வெகு முன்பே, இரண்டு வாரம் தாண்டினால் சளிப் பரிசோதனை செய்து காசநோய் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். அழற்சியைப் பற்றிய எந்தப் பேச்சும் அதற்குப் பிறகுதான். ரத்த அழுத்தத்துக்கு ராமிப்ரில், எனலாப்ரில் எடுப்பவரா என்றும் கேட்க வேண்டும். மாத்திரையை மாற்றினாலே நிற்கும் இருமலுக்கு மாதக்கணக்கில் சிரப் குடிப்பவர்கள் உண்டு. இவை இல்லையென்றால் ஈசினோஃபில் மறுபடியும் முக்கியமாகிறது. வீசிங்கே இல்லாமல் வெறும் இருமலாக வரும் ஆஸ்துமாவை 1979ல் கொராவ் குழு விவரித்தது. மூச்சளவுச் சோதனைகள் அனைத்தும் சீராக இருந்தும் சளியில் ஈசினோஃபில் நிறைந்திருக்கும் இன்னொரு வகையை 1989ல் கிப்சன் குழு கண்டது. இரண்டும் உறிஞ்சும் ஸ்டீராய்டுக்கு அடங்கும். மூன்றாவது கூட்டம் ஒன்றும் இருக்கிறது. அவர்களுக்கு அழற்சி இல்லை, இருமலைத் தூண்டும் நரம்புகளே கூர்ந்துபோயிருக்கின்றன. பேசினால், சிரித்தால், சாம்பிராணி வாசனை பட்டால் இருமல் பிடித்துக்கொள்ளும். அந்த நரம்பிலுள்ள பி2எக்ஸ்3 வாயிலை அடைக்கும் கெஃபாபிக்சன்ட் மருந்தை 2022ல் ஜப்பானும் 2023ல் ஐரோப்பாவும் ஏற்றன. போலி மருந்தைவிட இருமலைக் குறைத்த அளவு இரு பெரிய சோதனைகளில் முறையே 18, 15 சதவீதத்தை ஒட்டி இருந்தது. எடுத்தவர்களில் பாதிக்கும் மேலானோருக்கு நாக்கில் ருசி கெட்டது. அமெரிக்கா இரண்டு முறை திருப்பி அனுப்பியது, எனக்கு அதில் வியப்பில்லை. இந்தக் கூட்டத்துக்கு ஸ்டீராய்டை ஏற்றிக்கொண்டே போவதும் அழற்சி உள்ளவருக்கு அதைத் தராமல் விடுவதைப் போலவே தவறு.

ஈசினோஃபில் கூடினால் உடனே ஆஸ்துமா என்று முடிவுகட்டிவிடவும் முடியாது என்பதற்கு நம் மண்ணிலேயே பழைய சான்று இருக்கிறது. அன்றைய சென்னை மாகாணத்தின் மதனப்பள்ளியை ஒட்டிய ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையில் பணியாற்றிய ஃப்ரிமோட் மொல்லரும் பார்ட்டனும், காசநோய் போலவே தோன்றி, ரத்தத்தில் ஈசினோஃபில் மிகுந்து, காசநோய்க் கிருமி மட்டும் அகப்படாத நோயாளிகளைப் பற்றி 1940ல் எழுதினார்கள். இரவில் இருமல், இழுப்பு, இளைப்பு. யானைக்கால் நோயின் புழுவுக்கு உடல் காட்டும் அதீத எதிர்வினை அது என்பது பின்னால்தான் தெளிந்தது. மூன்று வாரம் டைஎத்தில்கார்பமசின் கொடுத்தால் பெரும்பாலும் மாறிவிடும். வயிற்றுப் புழுக்களும் ஈசினோஃபிலைக் கூட்டும். லண்டனுக்கும் டொரண்டோவுக்கும் பொருந்தும் ஈசினோஃபில் வெட்டுப்புள்ளியைக் கடலூருக்கோ காரைக்குடிக்கோ அப்படியே எடுத்து வந்தால் தவறான ஆளுக்கு மருந்து போய்ச் சேரும். தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகள் நம் மக்களிடம் எது சாதாரண அளவு, எதற்கு மேல் ஸ்டீராய்டு பலன் தருகிறது என்று கணக்கெடுத்துச் சொல்லலாம். பெரிய முதலீடு கேட்காத ஆராய்ச்சி இது.

அதற்கான அவசரத்தைக் கூட்டும் செய்தி 2024 நவம்பரில் பிரிட்டனிலிருந்து வந்தது. ஆஸ்துமா, நுரையீரல் அடைப்பு நோய்த் தாக்குதலுக்கு அரை நூற்றாண்டாகத் தரப்பட்டுவரும் பிரட்னிசோலோன் மாத்திரைக்குப் பதிலாக, தாக்குதலின் நடுவிலேயே ஈசினோஃபிலை அழிக்கும் பென்ராலிசுமாப் ஊசி ஒன்றைப் போட்டுப் பார்த்தது ஆய்வாளர் மோனா பாஃபதேலின் குழு. 158 பேரிடம் நடந்த சோதனையில், 90 நாளுக்குள் சிகிச்சை தோற்றவர்கள் மாத்திரைக் குழுவில் 74 சதவீதம், ஊசி போட்டவர்களில் 45 சதவீதம். ஊசியின் விலை இப்போதைக்கு நம் அவசரப் பிரிவுகளின் கைக்கு எட்டாது. ஆனால் யாருக்குப் போடுவது என்று அவர்கள் தீர்மானித்தது ரத்தத்தில் மைக்ரோலிட்டருக்கு 300 ஈசினோஃபில் இருக்கிறதா என்று அந்த இடத்திலேயே பார்த்துத்தான். அந்த எண் நம் தாலுகா மருத்துவமனைகளில் எடுக்கும் முழு ரத்தப் பரிசோதனையிலிருந்தே கிடைத்துவிடும். முதல் ஸ்டீராய்டு ஊசி ஏறுமுன் ரத்தம் எடுத்தால்தான் அதற்கு அர்த்தம் உண்டு. ஸ்டீராய்டு போன சில மணி நேரத்தில் அந்த எண் விழுந்துவிடும். எடுத்ததைச் சீட்டிலேயே குறித்து வைத்தால், மறுமுறை வரும்போது பார்க்கும் மருத்துவருக்குத் தடுப்பு இன்ஹேலரைத் தொடங்குவதா, புழு மருந்தைத் தேடுவதா, இருமல் நரம்பைச் சந்தேகிப்பதா என்று முடிவுசெய்ய ஒரு பிடி கிடைக்கும்.